"பாலம் மூடியாச்சு, இங்கேயே தங்கிக்கோங்க": நம் கடற்கரையில் ஒரு லாட்ஜ் திகில் கதை, உங்கள் யோசனை தேவை

பாக்நீரிணை எழுதியது:

ரொம்ப நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் கதை இது. இங்கே நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள் நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். சாலையோரத்தில் தனியாக ஒரு லாட்ஜ், மழை ராத்திரி, வந்து சேரும் ஏழெட்டுப் பயணிகள், விடியும் வரை வெளியே போக முடியாது, லாட்ஜ் நடத்துகிறவர் சரியில்லை. கதை இவ்வளவுதான். அமெரிக்காவில் இந்த மாதிரி நூறு கதை வந்துவிட்டது. ஆனால் அங்கே இந்தக் கதை பிறந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. மோட்டல் என்ற பெயரோடு முதல் விடுதி 1925-இல் கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் வந்தது, அப்புறம் கார் பெருகப் பெருக ஊருக்கு ஊர் வந்தது. 1956-இல் பெரிய நெடுஞ்சாலைகளுக்குச் சட்டம் போட்டு, ஊர்களைத் தொடாமல் புதுச் சாலை போட்டார்கள். பழைய சாலையில் இருந்த மோட்டல்களுக்கு வண்டி வருவது நின்றுபோனது. யாருமே வராத சாலையில் ஒருவர் இன்னும் பெயர்ப் பலகைக்கு விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால், அவருக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியிலேயே பாதி பயம் வந்துவிடுகிறது.

இதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து உச்சிப்புளியில் வைத்தால் ஒட்டாது. நம் சாலை ஆள் வராத சாலை இல்லை. ராமேஸ்வரத்துக்குக் காசியிலிருந்துகூட நடந்து வந்திருக்கிறார்கள். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் வழி நெடுகச் சத்திரம் கட்டிச் சோறு போட்டார்கள், முகுந்தராயர் சத்திரம் இன்றைக்கும் ஊர்ப்பெயராகவே நிற்கிறது. இந்தச் சாலையில் வந்தவனுக்கு இடம் இல்லை என்று சொல்வதுதான் பாவம். அதனால் நம் கதையில் பயம், கதவைப் பூட்டுகிற ஆளிடமிருந்து வரக்கூடாது. "வாங்கய்யா, நனைஞ்சிட்டீங்களே" என்று துண்டு எடுத்துக் கொடுக்கிற ஆளிடமிருந்து வர வேண்டும்.

என் கதையில் லாட்ஜ், உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இருக்கிறது. நிலம் அங்கே ஒடுங்கிப்போய் வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். 2019 டிசம்பர். காற்றும் மழையுமாக இருப்பதால் பாம்பன் பாலத்தில் வண்டி விடவில்லை என்று மேலாளர் எல்லோரையும் நிறுத்தி வைக்கிறார். உண்மையில் பாலம் திறந்துதான் இருக்கிறது. மூடிவிட்டார்கள் என்று சொன்னது அவர் ஒருவர் மட்டும்தான். அன்று ராத்திரி ஒரு படகு வரப்போகிறது, அதை யாரும் பார்க்கக்கூடாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களில் ஒருவர் பார்த்துவிட்டார்.

படகு எந்தக் கடல் பக்கம் வரும், இவர்களுக்குப் பொய் எப்போது புரியும், இந்த இரண்டையும் நான் இன்னும் முடிவு செய்யவில்லை. ஒன்றை மட்டும் முடிவு செய்துவிட்டேன்: இதில் பேய் கிடையாது, அதிலும் தனுஷ்கோடிப் பேய் கிடையவே கிடையாது.

திகில்பிரியன் எழுதியது:

அண்ணே, பேய் இல்லாமல் தனுஷ்கோடி பக்கம் கதையா? 1964 புயலில் ஒரு ரயிலே கடலுக்குள் போயிருக்கிறது. அந்த ரயிலின் பயணிகள் ராத்திரி லாட்ஜுக்கு வந்து ரூம் கேட்கிறார்கள் என்று வைத்தால் படிக்கிறவனுக்கு முதுகு சில்லிட்டுப்போகும். கையில் இருப்பதை ஏன் விட வேண்டும்?

பனைவடலி எழுதியது:

தம்பி, கோபத்தில் எழுதவில்லை, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் குடும்பம் தனுஷ்கோடியிலிருந்து எழுந்து வந்த குடும்பம். டிசம்பர் 22 ராத்திரி பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் வண்டி அது. நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், ஒருவர்கூடக் கரையேறவில்லை. அந்த வண்டியைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஊரில் போனவர்கள் அதைவிடப் பல மடங்கு. தபால் ஆபீஸ், சுங்க ஆபீஸ், பள்ளிக்கூடம், தலைமன்னார் போகிற கப்பலுக்குத் துறை எல்லாம் இருந்த ஊர், மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கமே அறிவிக்கிற நிலைமைக்குப் போனது. என் அப்பத்தா கடைசி வரை மழைக்காலத்தில் சுவரோரம் படுக்க மாட்டார், நடுவீட்டில்தான் படுப்பார், சுவர் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர். யூடியூபில் அந்த இடிந்த சர்ச்சுக்கு முன்னால் நின்றுகொண்டு "இங்கே ராத்திரி குரல் கேட்கும்" என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அங்கே இன்றைக்கும் குடிசை போட்டுக்கொண்டு வலை இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் அங்கேயே படிக்கிறார்கள். செத்தவர்கள் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. அவர்களை ஏன் பயமுறுத்துகிறவர்களாக ஆக்க வேண்டும்?

பாக்நீரிணை, நீங்கள் அதை முதலிலேயே விலக்கிவைத்ததற்கு நன்றி.

திகில்பிரியன் எழுதியது:

அக்கா, இப்படி நான் யோசிக்கவே இல்லை. சரி, பேய் வேண்டாம்.

தென்கடல் எழுதியது:

நான் பாம்பன். படகு பற்றி நானே சொல்கிறேன். டிசம்பரில் வாடைக் காற்று. வாடையில் வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும். அந்த நேரத்தில் தென்கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் கொஞ்சம் அடங்கிக் கிடக்கும். நாங்கள் தெற்கை ஆண்கடல் என்றும் வடக்கைப் பெண்கடல் என்றும் சொல்வோம். கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஆண்கடல் என்ன ஆட்டம் போடும் என்று பார்த்தவனுக்கு அது தெரியும், ஆனால் வாடையில் கதை தலைகீழ். மழை ராத்திரியில் சின்ன ஃபைபர் படகை ஒருவன் கரைக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் தெற்கேதான் கொண்டுவருவான். வடக்கே கொண்டுவந்தால் படிக்கிற மீனவன் புத்தகத்தை மூடி வைத்துவிடுவான்.

இன்னொன்று. படகில் என்ன வருகிறது அல்லது போகிறது என்று நீங்கள் சொல்லவில்லை. கடல் அட்டையா தங்கமா? அட்டையை 2001-இல் தடை செய்தார்கள், அதற்கு முன்னால் அதைப் பிடித்து அவித்துக் காயவைத்து விற்றுக் குடும்பம் நடத்தியவர்கள் எங்கள் பக்கம் நிறைய. தங்கமும் நடக்கிறது, மறுக்கவில்லை. 2023-இல் மண்டபம் பக்கம் கடலில் எறிந்த தங்கத்தை முக்குளிப்பவர்களை வைத்து எடுத்தது எல்லாப் பேப்பரிலும் வந்தது. ஆனால் தயவுசெய்து மீனவனை வில்லன் ஆக்காதீர்கள். சினிமாவிலும் சரி, செய்தியிலும் சரி, எங்களை ஒன்று பாவப்பட்டவன் என்று காட்டுகிறார்கள் அல்லது கடத்தல்காரன் என்று காட்டுகிறார்கள். எல்லை தாண்டினான் என்று அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு போகிறார்கள், படகு போய்விடுகிறது, கடன் இங்கே நிற்கிறது. அந்தக் கடனை வாங்கிக் கொடுத்தவன் யார், அவனுக்கு லாட்ஜ் எப்படி வந்தது, அங்கே தேடுங்கள் உங்கள் வில்லனை.

பாக்நீரிணை எழுதியது:

அண்ணே, இதைத்தான் எதிர்பார்த்தேன். படகுக்காரர், மேலாளரிடம் கடன்பட்டவர். அன்று ராத்திரி கரைக்கு வந்த பிறகு, உள்ளே ஒரு குழந்தை இருக்கிறது என்று தெரிந்ததும் சரக்கை இறக்க மாட்டேன் என்று நிற்கப்போகிறவர் அவர்தான். தெற்குக் கடல் என்று முடிவாகிவிட்டது.

இரவுப்பேருந்து எழுதியது:

நான் சென்னை, மாதம் ஒரு முறையாவது ராமநாதபுரம் வருகிறவன். "மோட்டல்" என்றாலே நம் ஊரில் என்ன ஞாபகம் வரும்? ராத்திரி ஒரு மணிக்குப் பஸ்ஸை நிறுத்துவார்கள். சுற்றிலும் பொட்டல் காடு, வேறு கடை கிடையாது, காது கிழியப் பாட்டு, ஆறின தோசைக்கு என்ன விலை சொன்னாலும் கொடுக்க வேண்டும், டிரைவரும் கண்டக்டரும் தனி ரூமில் சாப்பிடுவார்கள், பாத்ரூமுக்கு வாசலில் ஒருவர் சில்லறையோடு உட்கார்ந்திருப்பார். ஒருமுறை ஒரு வயதான அம்மா இறங்கிப் போனவர் திரும்புவதற்குள் பஸ்ஸை எடுத்துவிட்டார்கள், பக்கத்து சீட்டில் இருந்த நாங்கள் கத்திய பிறகுதான் அரை கிலோமீட்டர் தள்ளி நிறுத்தினார்கள். ஓடி வந்த அந்த அம்மாவின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பேயும் வேண்டாம், கத்தியும் வேண்டாம், பஸ் போய்விட்டது என்பது போதும். உங்கள் கதையில் ஒருவரையாவது இப்படி விட்டுப்போன பஸ்ஸிலிருந்து கொண்டுவாருங்கள். காரில் வந்தவர்களுக்குக் கிளம்பலாமா என்று ஒரு யோசனையாவது இருக்கும். இவருக்கு அதுவும் கிடையாது.

சாவிக்கொத்து எழுதியது:

ராமேஸ்வரத்தில் லாட்ஜில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இந்தக் கதைகளில் லாட்ஜை உள்ளேயிருந்து பார்த்து எழுதுகிறவர்கள் குறைவு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உப்புக்காற்று. கடலோர லாட்ஜில் எந்த இரும்பும் நிற்காது. தாழ்ப்பாள் துருவேறி வீங்கிவிடும், உள்ளே போட்டால் கழற்ற வராது. புதிதாக வந்தவர்கள் அறைக்குள் மாட்டிக்கொண்டு அலறியது எத்தனையோ ராத்திரி. நாங்கள் வெளியிலிருந்து கதவைக் கீழ்ப்பக்கம் காலால் உந்தி, ஒரு கல்லால் இரண்டு தட்டுத் தட்டினால் திறக்கும். உங்கள் பயணிகளை யாரும் பூட்ட வேண்டியதில்லை. தானாக மாட்டிய தாழ்ப்பாள் எது, யாரோ மாட்ட வைத்த தாழ்ப்பாள் எது என்று அவர்களுக்கே தெரியாமல் இருந்தால் போதும்.

அடுத்து சாவிப் பலகை. பழைய லாட்ஜ்களில் ஒவ்வொரு சாவிக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று தொங்கும். தினமும் கைபட்டால் அது பளபளவென்று இருக்கும். ஆள் தொடாமல் கிடந்தால் நம் காற்றுக்குச் சீக்கிரமே பச்சைக் களிம்பு ஏறிவிடும். இதை வைத்து நான் ஒன்று சொல்கிறேன். படகு தெற்கே வருவதால் மேலாளர் எல்லோருக்கும் சாலையைப் பார்த்த வடக்கு அறைகளைக் கொடுப்பார். கடல் பார்த்த அறை கேட்டால் "அதெல்லாம் ஆறு மாசமா ரிப்பேர் சார், தண்ணி இறங்குது" என்பார். பயணிகளில் ஒருவர் பலகையைப் பார்க்கிறார். வடக்கு அறைச் சாவிகளில் பாதிக்குக் களிம்பு. ரிப்பேர் என்று சொன்ன தெற்கு அறைச் சாவிகள்தான் பளபளக்கின்றன.

மூன்றாவது ரெஜிஸ்டர். பெயர், ஊர், எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார், ஆதார் நகல், இதெல்லாம் எழுதாமல் சாவி கொடுக்க மாட்டோம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். ஒரு லாட்ஜில் "அவசரம் இல்லைங்க, காலைல எழுதிக்கலாம், முதல்ல சாப்பிடுங்க" என்று சொன்னால் வருகிறவர்களுக்கு அது அன்பாகத்தான் தெரியும். எனக்கு அதைவிடப் பயங்கரமான வசனம் கிடையாது. அன்று ராத்திரி அங்கே யாருமே தங்கவில்லை என்று அர்த்தம்.

பனைவடலி எழுதியது:

சாவிக்கொத்து அண்ணே, அந்த ரெஜிஸ்டர் விஷயத்தைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது.

கீழக்கரை_காக்கா எழுதியது:

தம்பிமாருக்கு ஒரு பழைய சட்டம் சொல்கிறேன். 1867-இல் வெள்ளைக்காரன் சராய் சட்டம் என்று ஒன்று போட்டான். சத்திரம், விடுதி நடத்துகிறவர் பதிவு செய்ய வேண்டும், இடத்தைச் சுத்தமாக வைக்க வேண்டும், சுற்றியுள்ள புதரை எடுக்க வேண்டும் என்பதோடு, திருடன் உள்ளே ஏறவோ வெளியே இறங்கவோ வசதியாக இருக்கும் மரத்தையும் கிளையையும் வெட்ட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறான். வழிப்போக்கன் தூங்கும்போது என்ன நடக்கும் என்ற பயம் சட்டப் புத்தகம் வரைக்கும் வந்திருக்கிறது பாருங்கள். நம் மாவட்டத்தில் எதை வெட்டச் சொல்வது? எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேலம். லாட்ஜின் பின்பக்கம் ஜன்னல் கம்பி வரை கருவேலம் வந்து நிற்கட்டும். அதற்குள் ராத்திரியில் ஓட முயன்றவன் கதியை நான் சொல்ல வேண்டியதில்லை, முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் முள், ஒரு பக்கம் சாலை. சாலையில் நிற்கிறவர் உங்களுக்குத் துண்டு கொடுத்தவர்.

சாயல்குடி பக்கம் வைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். அங்கே கருவேலத்தை வெட்டிக் கரி மூட்டம் போடுவார்கள், ராத்திரி முழுவதும் மண்மேட்டிலிருந்து புகை கசியும். வாலிநோக்கத்தில் உப்பளம், வெயிலுக்குப் பயந்து விடியும் முன்பே வேலைக்கு வந்துவிடுவார்கள். இருட்டில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல், நடுவில் டார்ச் விளக்கு.

பாக்நீரிணை எழுதியது:

காக்கா, நீங்கள் சொன்ன கரிப்புகை காட்சி மனதைவிட்டுப் போகவில்லை. ஆனால் கதைக்குப் பாலம் வேண்டும். பாலத்தை விட்டால் எனக்குப் பொய்யே கிடையாது. 1988-இல் சாலைப் பாலம் திறக்கும் வரை தீவுக்குப் போக ரயில்தான், இல்லையென்றால் படகு. இப்போதும் "பாலத்தில் விடலையாம்" என்று ஒருவர் சொன்னால் நாம் திரும்பக் கேட்க மாட்டோம், உடனே படுக்கப் பாய் தேடுவோம். நவம்பர் 2024-இல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அன்றைக்கு யார் எதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்போம். அந்த நம்பிக்கைதான் மேலாளரின் பூட்டு.

திகில்பிரியன் எழுதியது:

ஒரு சந்தேகம் அண்ணே. எல்லோரிடமும் போன் இருக்குமே? ஒரு கால் போட்டால் பாலம் திறந்திருக்கிறதா என்று தெரிந்துவிடாதா? 2019 என்கிறீர்கள், எல்லோரிடமும் ஜியோ வந்துவிட்ட காலம்.

தென்கடல் எழுதியது:

மழையில் கரண்ட் போனால் டவரும் போகும், அதில் அதிசயம் இல்லை. அரிச்சல்முனையில் நம் டவர் எடுக்காமல் இலங்கை டவர் எடுத்து, இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று மெசேஜ் வரும். உச்சிப்புளியில் அது நம்பும்படியாக இருக்காது, அதை வைக்காதீர்கள். ஆனால் 1093 என்று கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் ஒன்று இருக்கிறது, எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கால்மணி நேரம் சிக்னல் கிடைத்தால்கூட அவர்கள் சொந்தக்காரர்களுக்குத்தான் அடிப்பார்கள், இந்த எண்ணுக்கு அடிக்க மாட்டார்கள்.

இரவுப்பேருந்து எழுதியது:

உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறதே, பருந்து. அதன் மூக்குக்குக் கீழே கடத்தல் நடக்கிறது என்றால் நம்புவார்களா?

தென்கடல் எழுதியது:

மழை மேகம் கீழே இறங்கிய ராத்திரியில் ஹெலிகாப்டர் எழும்பாது. அந்த ராத்திரியைத்தானே அவர்கள் தேர்ந்தெடுப்பார்கள்.

தண்டவாளம் எழுதியது:

இப்போதுதான் இழை முழுவதையும் படித்தேன். பொய் எப்படி உடையும் என்பதற்கு என்னிடம் பதில் இருக்கிறது.

பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றின் வேகத்தைப் பார்க்கக் கருவி வைத்திருந்தார்கள். மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் சிக்னல் விழாது, வண்டி மண்டபத்திலேயே நிற்கும். சாலைப் பாலத்தில் கார், பஸ்ஸை நிறுத்துவதற்கு வெகு முன்னாலேயே ரயிலை நிறுத்திவிடுவார்கள். உங்கள் லாட்ஜ் இருக்கும் இடத்தில் சாலையும் தண்டவாளமும் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. விடிவதற்கு முன்னால் சென்னை வண்டி ராமேஸ்வரம் பக்கமாகப் போகிறது. அறைக்குள் இருப்பவர் அதைக் கேட்கிறார். மண்டபத்தில் நின்றிருக்கும் என்று நினைக்கிறார். கொஞ்ச நேரத்தில் ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து இன்னொரு வண்டி வருகிறது. ஒற்றைத் தண்டவாளம். அங்கேயிருந்து வண்டி வந்தால் பாலத்தைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். ரயிலே ஓடும்போது சாலைப் பாலம் எப்படி மூடியிருக்கும்? அந்த நொடியில் துண்டு, சூடான தேநீர், "காலைல எழுதிக்கலாம்" எல்லாம் வரிசையாக அவர் மனதில் திரும்ப ஓட வேண்டும்.

இன்னொரு விஷயம், வருடத்தை மாற்றிவிடாதீர்கள். 2018 டிசம்பரில் அந்த ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியில் விரிசல் கண்டு ரயிலை நிறுத்தினார்கள், 2019 பிப்ரவரி கடைசியில்தான் திரும்ப விட்டார்கள். 2022 டிசம்பரில் மறுபடியும் நின்றது, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகுதான் வண்டி. 2019 டிசம்பர் சரியாக நடுவில் விழுகிறது.

பாக்நீரிணை எழுதியது:

தண்டவாளம் அண்ணே, இதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டாம். அந்தச் சத்தத்தைக் கேட்கப்போவது பஸ் விட்டுப்போன அம்மாதான். பாலத்துக்கு அந்தப் பக்கம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்துக்காரர், பிறந்ததிலிருந்து அந்த வண்டிச் சத்தத்தில் வளர்ந்தவர். காரில் வந்த படித்தவர்கள் நாலு பேரும் அதைக் கேட்டுவிட்டுப் புரண்டு படுப்பார்கள்.

பனைவடலி எழுதியது:

நான் ஒன்று சேர்க்கலாமா? நீங்கள் எல்லோரும் வெளிநாட்டுக் கதைகளில் ஆரம்பித்தீர்கள், ஆனால் தமிழில் இதே கதை ஏற்கெனவே இருக்கிறது. பழையனூர் நீலி. வணிகன் ஒருவன் வழியில் வருகிறான். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நீலி பின்னாலேயே வந்து, இவன் என் புருஷன் என்று அழுகிறாள். ஊர்ப் பெரியவர்கள், வேளாளர் எழுபது பேர், அவள் கண்ணீரை நம்பி இருவரையும் ராத்திரி ஒரே இடத்தில் தங்க வைக்கிறார்கள். உன் உயிருக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்கும் கொடுக்கிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். சின்ன வயதில் எனக்கு நீலியைவிட அந்த எழுபது பேர்மேல்தான் பயம். எல்லோரும் நல்லவர்கள், அவன் கெஞ்சக் கெஞ்ச உள்ளே அனுப்பினார்கள். உங்கள் லாட்ஜிலும் மேலாளர் ஒருவர் மட்டும் போதாது. மேலாளரை நம்பி, மற்றவர்களை "பேசாம இருங்க, அவர் நமக்காகத்தானே சொல்றார்" என்று அடக்குகிற ஒரு நல்ல மனிதர் பயணிகளுக்குள்ளேயே வேண்டும்.

கீழக்கரை_காக்கா எழுதியது:

மாஷா அல்லாஹ். அந்த நல்ல மனிதரை ரிட்டயர்டு தலைமையாசிரியராக வையுங்கள். எல்லோரும் கேட்பார்கள்.

சாவிக்கொத்து எழுதியது:

கதையில் ஒரு ஓட்டை இருக்கிறது. சாலையில் மற்ற வண்டிகள் போகுமே? மீன் லாரி ராத்திரியில் நிற்காது, ராமேஸ்வரத்திலிருந்து ஐஸ் போட்டு மதுரைக்கும் கேரளாவுக்கும் போய்க்கொண்டே இருக்கும். பாலம் மூடியிருக்கிறது என்று நம்பியவர், பாம்பன் பக்கமிருந்து லாரி வருவதை ஜன்னலில் பார்த்தால் அப்போதே கேட்டுவிடுவார். வடக்கு அறை எல்லாம் சாலையைப் பார்த்த அறை என்று நானே சொல்லிவிட்டேன்.

தென்கடல் எழுதியது:

மண்டபத்திலும் மீன் இறங்குதளம் இருக்கிறதே. பாலத்துக்கு இந்தப் பக்கம். லாரி அங்கிருந்து வருகிறது என்று மேலாளர் சொல்லலாம், அது உண்மையும்கூட. கேட்டவர் வாயை மூடிக்கொண்டு போய்ப் படுத்துவிடுவார்.

பாக்நீரிணை எழுதியது:

அப்படியே வைக்கிறேன் அண்ணே. தலைமையாசிரியர்தான் லாரியைப் பார்த்துக் கேட்கிறார், பதில் சரியாக இருப்பதால் அதற்கு மேல் மேலாளரை முழுவதும் நம்பிவிடுகிறார், மற்றவர்களுக்கும் அவரே எடுத்துச் சொல்கிறார். முதல் அத்தியாயத்தை இந்த வாரம் இங்கேயே போடுகிறேன். சாவிக்கொத்து அண்ணே, சாவிப் பலகைக் காட்சியை எழுதியதும் உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன், தப்பு இருந்தால் தயங்காமல் அடித்துத் திருத்துங்கள்.